மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, கணவரிடம் பிரிவைப் பற்றி எப்படிச் சொல்வது?

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே சமையல் பகுதியிலும் பள்ளிக்கூடப் பகுதியிலும்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எழுதுவது வேறு விஷயம். ஊர்க்காரர்கள் யாராவது படித்து அடையாளம் தெரிந்துகொண்டால் தயவுசெய்து அங்கே போய்ப் பேச வேண்டாம்.

பாம்பன் பக்கம் வீடு. அவர் ராமேசுவரத்தில் விசைப்படகு டிரைவர். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மூத்தவன் எட்டாவது, சின்னவள் நாலாவது. அவர் அடிப்பவர் இல்லை. குடி எப்போதாவதுதான், அதனால் சண்டை வந்ததில்லை. வேறு பெண் விவகாரமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ‘அப்புறம் உனக்கு என்னதான் குறை’ என்று என் அம்மாவே கேட்கிறார்.

எங்களுக்குள் பேச்சு கிடையாது. பல வருடமாகவே கிடையாது. கடலில் இருந்து வருவார், குளிப்பார், மூடி வைத்த சோற்றைப் போட்டுச் சாப்பிடுவார், படுப்பார். பங்குப் பணம் வந்தால் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார், நான் எடுத்துக்கொள்வேன். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் ‘அப்பாகிட்ட கேளு’ என்று பையனிடம் சொல்வேன். அவரும் ‘அம்மாகிட்ட சொல்லு’ என்பார். இரண்டு பேரும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்போம். போன மாதம் பையன் ‘நீங்களே பேசிக்கோங்களேன்’ என்று சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. என் அண்ணன் பேசினார், அவருடைய பெரியம்மா பேசினார், ராம்நாட்டில் ஒரு ஆலோசகரிடமும் போனோம். அங்கே அவர் ‘ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பிரிந்துவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.

ஏப்ரல் 15 தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை அவர் கரையில்தான் இருப்பார். அதற்கு முன்னால் சொல்வதா, அந்தச் சமயத்தில் சொல்வதா, யாரையாவது வைத்துக்கொண்டு சொல்வதா, எந்த வார்த்தையில் சொல்வது, ஒன்றும் ஓடவில்லை. முடிவு சரியா தப்பா என்று கேட்கவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் கேட்கிறேன்.

தொண்டிக்காரன் எழுதியது:

அடிக்காத, குடித்து அழிக்காத மனுஷனை விட்டுவிட்டு எங்கே போகப் போகிறாய் தங்கச்சி? கடலுக்குப் போகிறவன் கரைக்கு வந்தால் பேச உடம்பில் தெம்பு இருக்காது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்.

சேதுக்கரை எழுதியது:

தொண்டி அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் கேட்டது வேறு. கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

மணல்மேடு, நானும் இந்தக் கடற்கரைக்காரிதான். பிரிந்து வாழ்கிறேன், இப்போது நிம்மதியாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும். உங்கள் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் அவருடைய அம்மாவுக்கும் அதற்கு அப்புறம்தான். நம் பக்கம் இதுதான் நடப்பதில்லை. பெண் வீட்டில் போய் அழுவாள், அண்ணன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான், முற்றத்தில் நாற்காலி போடுவார்கள், அந்த மனுஷன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போதே தெருவே திரும்பிப் பார்க்கும். அங்கே வைத்து ‘உன் பொண்டாட்டி உன்கூட இருக்க மாட்டாளாம்’ என்று வேறு ஒருவர் சொன்னால் அவர் என்ன செய்வார்? கோபப்படுவார், இல்லையென்றால் வாய் மூடிக்கொள்வார். நீங்கள் சொல்ல நினைத்தது அவர் காதில் விழவே விழாது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

வக்கீல் நோட்டீஸ் இன்னும் மோசம். பகல் பத்து மணிக்குத் தபால்காரர் நோட்டீஸைக் கொண்டுவருவார். அவர் கடலில் இருப்பார், மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்குவார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். எங்கள் தெருவில் நடந்தது இது.

அடுத்தது, முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் கேள்வியாகச் சொல்லாதீர்கள். ‘பிரிஞ்சுடலாமா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் மறுபடி தைரியத்தைச் சேர்த்து முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதே மாதிரி, சண்டையில் ‘விட்டுட்டுப் போறேன்’ என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதையே மறுபடி சொல்கிறாள் என்று நினைத்து அவர் படுத்துத் தூங்கிவிடுவார். இது அது இல்லை என்று அவருக்குப் புரிய வேண்டும். அதற்குக் குரலை உயர்த்தாமல், உட்கார்ந்து, பகலில் சொல்ல வேண்டும்.

பழைய கணக்கை எடுக்காதீர்கள். கல்யாணத்துக்கு வந்த மாமாவைக் கவனிக்கவில்லை என்பதில் ஆரம்பித்தால் அவரும் ஒரு மாமாவை எடுப்பார்.

விசைப்படகு எழுதியது:

நான் அவர் பார்க்கிற வேலையைத்தான் பார்க்கிறேன். அதனால் நாள் விஷயத்தில் மட்டும் பேசுகிறேன்.

கடலுக்குப் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி சொல்லவே சொல்லாதீர்கள். தயவுசெய்து. காலையில் கடலுக்குப் போகிற அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. ராத்திரி முழுக்க இழுவை. மற்றவர்கள் மாறி மாறிக் கண் அசருவார்கள், டிரைவர் அசர முடியாது. கச்சத்தீவுப் பக்கம் எல்லை எங்கே இருக்கிறது, இலங்கை ரோந்துக் கப்பல் விளக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று ஜிபிஎஸ்ஸையும் இருட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கணும். மனசு வேறு எங்கேயோ இருக்கிற ஆள் கையில் சுக்கான் இருந்தால் படகில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. பிடித்துக்கொண்டு போய்விட்டால் இந்தப் பேச்சை எத்தனை மாதம் கழித்துத் தொடர்வீர்கள்? அவர் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருக்கும்போது நீங்கள் ‘மனைவி’ என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துக்கொண்டு அலைவீர்கள். இரண்டு பேருக்கும் அது கொடுமை.

கரைக்கு வந்த நாளும் வேண்டாம். கண்ணைத் திறக்க முடியாது.

அப்போ தடைக்காலம்தான். ஆனால் முதல் வாரம் வேண்டாம். முதல் வாரத்தில் படகைக் கரையேற்றுவோம், எஞ்சினைப் பிரிப்போம், எந்தப் பலகை போயிருக்கிறது என்று பார்ப்போம். முதலாளியிடம் வாங்கின முன்பணக் கணக்கும் அப்போதுதான் பேச்சுக்கு வரும். டிரைவர் அந்த வாரம் ஏற்கெனவே கடுகடு என்றுதான் இருப்பான். அது ஓய்ந்து, ஆள் மத்தியானம் வீட்டில் படுக்க ஆரம்பிக்கும்போது சொல்லுங்கள். ஜூன் கடைசி நேரத்துக்கும் தள்ளாதீர்கள். சொல்லிவிட்டு நாலு நாளில் கடலுக்கு அனுப்புவதும் முந்தின ராத்திரி சொல்வதும் ஒன்றுதான். அவருக்குக் கரையில் யோசிக்க நாள் வேண்டும்.

இன்னொன்று சொல்லணும். ஆண்கள் நாங்கள் பேசுவதில்லை என்பது உண்மை. படகில் ராத்திரி முழுக்கப் பேசுவோம், வீட்டில் வாய் வராது. அது உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். இதைச் சொல்வதால் உங்கள் முடிவை மாற்றச் சொல்கிறேன் என்று அர்த்தம் இல்லை.

மணல்மேடு எழுதியது:

சேதுக்கரை அக்கா, விசைப்படகு அண்ணே, நன்றி. எல்லை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளைகளுக்கு ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. அதற்கு அப்புறம் என்றால் நீங்கள் சொல்கிற நாளோடு ஒத்துவரும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. போன வருடம் அவரும் கொழுந்தனாரும் சேர்ந்து ஒரு பழைய நாட்டுப்படகு வாங்கினார்கள். அதற்கு என் நகை அடகில் இருக்கிறது. வலை வாங்க மகளிர் குழுவில் என் பெயரில் கடன் எடுத்தோம். இதையும் அன்றைக்கே பேச வேண்டுமா?

வழக்குமன்றம் எழுதியது:

ராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது.

இந்துத் திருமணம் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்து திருமணச் சட்டம் 1955-இல் 13பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவது. அதற்கு மனு போடும் முன்னால் குறைந்தது ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இரண்டு பேரும் மறுபடி வந்து அதே சம்மதத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தை, பிரிந்து வெகுகாலம் ஆகி, சேர வாய்ப்பே இல்லை என்று தெரிந்தால், நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வருகிற வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால்தான் சொல்கிறேன், இந்த வழியில் போக நினைக்கிறவர் முதல் பேச்சிலேயே எதிராளியை அவமானப்படுத்தினால் கடைசியில் கையெழுத்து கிடைக்காது. என்னிடம் வருகிற பல வழக்குகள் இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு, விஷயம் முதலில் சொல்லப்பட்ட விதம்தான் காரணம்.

அவர் சம்மதிக்கவில்லை என்றால் பாதை கடினம். கொடுமை, இரண்டு வருடத்துக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, வேறு உறவு என்று சட்டம் சொல்கிற காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். ‘பேசுவதில்லை’ என்பது மட்டும் போதுமா என்றால், அது எப்படி, எவ்வளவு காலம், உங்களை என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதை வைத்தே விவாகரத்து கொடுக்கிற அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. அது அரசியல் சட்டம் 142-ஆவது பிரிவின் கீழ் அந்த நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். இங்கே கீழ் நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது.

இப்போது மிக முக்கியமானது. ஊர்ப் பெரியவர்கள் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி ‘தீர்த்துவிட்டோம்’ என்றால் அது விவாகரத்து ஆகாது. உங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நிரூபித்தால் மட்டும் சட்டம் ஏற்கும், அந்த நிரூபணம் சுலபம் இல்லை. அந்தத் தாளை நம்பி யாராவது மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றத்தில் மாட்டிக்கொள்வார்கள். கடற்கரைக் கிராமங்களில் இந்தத் தாளைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

நகைக்கு வருகிறேன். உங்களுக்குப் பெற்றவர்கள் போட்ட நகை உங்கள் சொத்து. அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், நகல் எடுத்து வையுங்கள். குழுக் கடன் உங்கள் பெயரில் இருப்பதால், வலை அவரிடம் இருந்தாலும் தவணை உங்களிடம்தான் கேட்பார்கள். இதெல்லாம் பேச வேண்டியதுதான், ஆனால் முதல் நாள் வேண்டாம். முதல் நாளே நகையைப் பேசினால், நகைக்காகத்தான் இவ்வளவும் என்று ஆகிவிடும்.

வாட்ஸப்பில் எழுதுவது எல்லாம் பின்னால் நீதிமன்றத்துக்கு வரும். கோபத்தில் எதுவும் தட்டி அனுப்பாதீர்கள். இல்லாத கொடுமையை எழுதி வழக்குப் போடச் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். தொலைபேசி 15100.

பெரியபட்டினம் எழுதியது:

எல்லோரும் பெரியவர்களை ஒதுக்கிவிட்டே பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ஊரில் இந்த மாதிரிப் பேச்சுகளில் உட்காருகிறவன். இந்தக் கரையில் கல்யாணம் என்பது இரண்டு பேர் சமாச்சாரம் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணின் நகையில் படகு இருக்கிறது, படகில் கொழுந்தன் பங்கு இருக்கிறது, மாமியார் இருக்கிற வீட்டில் இவள் பணத்தில் போட்ட ஓடு இருக்கிறது. இதையெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு மத்தியானத்தில் தீர்த்துவிட முடியுமா? நாளைக்குப் படகு எனக்கு, கடன் உனக்கு என்று கொழுந்தன் சொன்னால் யார் கேட்பது? நாலு பேர் தெரிந்து நடந்தால் அவள் பக்கம் பேச ஆள் இருக்கும்.

சேதுக்கரை எழுதியது:

பெரியபட்டினம் அண்ணே, படகுக் கணக்குக்கு நாலு பேர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன். நான் சொல்வது வரிசையைப் பற்றி. ‘உங்களோடு வாழ முடியாது’ என்பதை அவர் அவள் வாயால் கேட்ட பிறகு, இரண்டு நாளோ ஒரு வாரமோ அவருக்கு விட்டு, அதன் பிறகு உட்காருங்கள். கணக்குப் பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் விழக் கூடாது. அங்கே அதைச் சொன்னால் எல்லோரும் சேர்த்து வைக்கத்தான் பார்ப்பார்கள், அது அவர்களுடைய சுபாவம். அவள் எல்லோர் முன்னாலும் தன் படுக்கையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

பெரியபட்டினம் எழுதியது:

சேர்த்து வைக்கப் பார்ப்பது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வரிசை நீங்கள் சொல்வது சரிதான். அப்படியே இருக்கட்டும்.

உப்பளம் எழுதியது:

வாலிநோக்கம் பக்கம். நான் இந்தச் செய்தியைக் கேட்க நேர்ந்த பக்கத்தில் இருந்தவன். என் மனைவி என்னை விட்டுப் போக முடிவு செய்தது எனக்கு டீக்கடையில் தெரிந்தது. மச்சினன் அவன் கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறான், அவன் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் ‘என்னப்பா, இப்படி ஆகிப்போச்சாமே’ என்று கேட்டார். எது ஆகிப்போச்சு என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் டம்ளரைக் கழுவுகிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

அவள் முடிவில் இன்று எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு அவள் காரணம் இருந்தது, அதை இப்போது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த டீக்கடை மட்டும் இன்னும் போகவில்லை. வழக்கில் அவள் கேட்டது எல்லாமே நியாயமாக இருந்தும், அந்த ஒரு காரணத்துக்காகவே நான் வாய்தா வாய்தாவாக இழுத்தேன். நேரில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், ஆனால் கையெழுத்துப் போட்டிருப்பேன். வழக்கறிஞர் அய்யா எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது.

தங்கச்சி, நீங்களே சொல்லுங்கள்.

கீழக்கரைவாசி எழுதியது:

எங்கள் ஊரில் ஆண்கள் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பதால் இந்தப் பேச்சு பெரும்பாலும் போனில்தான் நடக்கிறது. என் நண்பனுக்குக் கத்தாரில் இருக்கும்போது குரல் செய்தியாக வந்தது. ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கிற இடம். அவன் காதில் இயர்போன் மாட்டாமல் போட்டுக் கேட்டுவிட்டான், அறையே கேட்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவனைத் தனியாக விடாமல் நாங்கள் மாறி மாறி விழித்திருந்தோம். வெளிநாட்டில் இருக்கிறவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், விடுமுறைக்கு வரும் வரை பொறுங்கள். முடியாது என்றால் மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, பக்கத்தில் யாராவது ஒரு நல்ல ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு, நேரடி அழைப்பில் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் இன்னொன்று. வீடு பெண்ணுக்குக் கொடுப்பதுதான் வழக்கம், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். அதனால் பிரிவு என்றால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஆண். ‘அன்றைக்கு ராத்திரி அவர் எங்கே படுப்பார்’ என்பதை யோசிக்காமல் சொல்வது தர்மம் இல்லை. மணல்மேடு அக்கா, உங்கள் வீட்டில் யார் வெளியே போகப் போகிறார்கள் என்று யோசித்தீர்களா?

முஸ்லிம் சகோதரிகள் படித்தால் அவர்களுக்கு ஒன்று: ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது செல்லாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 சட்டத்தில் அது குற்றமும்கூட. குலா, அதாவது மனைவி கேட்டு வாங்குகிற விவாகரத்து, கேட்கிறவர்களும் ஜமாஅத் பேசி முடித்த கையோடு நின்றுவிடாமல் நீதிமன்றத்தில் பதிவாக்கிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் எழுதியது:

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இரண்டு வேலை. நீதிமன்ற விவாகரத்து தனி, கோவில் தனி. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்மதப் பிரிவுக்கு இரண்டு வருடம் தனித்து வாழ வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அது கிடைத்தாலும் கோவிலில் மறுமணம் செய்ய முடியாது. திருமணமே செல்லாது என்று மறைமாவட்ட நீதிமன்றம் சொன்னால்தான் முடியும். நமக்குச் சிவகங்கை மறைமாவட்டம். என் அக்கா முதலில் பங்குச் சாமியாரிடம் சொன்னாள், அத்தானிடம் அப்புறம் சொன்னாள். சாமியார் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனால் அத்தானுக்கு இன்றுவரை அந்தக் குறை இருக்கிறது.

இரவுவிளக்கு எழுதியது:

இந்த இழையைப் படிக்கிற எல்லாப் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணல்மேடு கணவர் கை நீட்டாதவர். அதனால் தனியாக உட்கார்ந்து பேசச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்றால் இந்த அறிவுரை உங்களுக்கு இல்லை. ஒரு தடவையாவது கழுத்தைப் பிடித்தவர், ‘விட்டுட்டுப் போனா கொன்னுடுவேன்’ என்றவர், மண்ணெண்ணெயைக் காட்டியவர், இவர்களிடம் தனியாகச் சொல்லாதீர்கள். முன்கூட்டியும் சொல்லாதீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகள் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நகைச் சீட்டு எல்லாவற்றையும் முதலில் நம்பிக்கையான ஒரு வீட்டில் சேருங்கள். பிள்ளைகளோடு வெளியே வந்த பிறகு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு போனில் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் நீங்கள் வாழ்ந்த வீட்டில் இருந்து சட்ட நடைமுறை இல்லாமல் உங்களைத் துரத்த முடியாது, பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம்.

அடிக்காதவர்கூட இந்தச் சொல்லைக் கேட்டதும் எப்படி மாறுவார் என்று முழுக்கச் சொல்ல முடியாது. மணல்மேடு, உங்களுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கட்டும். போனில் சார்ஜ் இருக்கட்டும், அண்ணனோ தோழியோ கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். காரணம் சொல்லாமலே ‘அன்றைக்கு ஊரில் இரு’ என்று கேட்கலாம்.

மணல்மேடு எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை மறுபடி மறுபடி. வீடு அவருடைய அம்மா பெயரில் இருக்கிறது. நானும் பிள்ளைகளும் உச்சிப்புளியில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கலாம் என்று பார்த்து வைத்திருக்கிறேன். பள்ளி மாறினாலும் ஜூனில் மாறும்.

என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். பார்த்துச் சொல்லுங்கள்:

‘உங்ககிட்ட நேரடியா ஒண்ணு சொல்லணும். நீங்க நல்லவர்தான், உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா நாம ரொம்ப நாளா சேர்ந்து வாழவே இல்லை. எனக்கு இது முடியலை. நாம பிரிஞ்சிடுறது நல்லதுன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க? வேணும்னா கொஞ்ச நாள் யோசிச்சுப் பார்ப்போம்.’

சேதுக்கரை எழுதியது:

நன்றாக இருக்கிறது. கடைசி இரண்டு வரியை எடுத்துவிடுங்கள். யோசித்துப் பார்ப்போம் என்றால் நீங்களும் யோசிக்கப் போகிறீர்கள் என்று நம்புவார், அது அவருக்குச் செய்கிற துரோகம். ‘நல்லதுன்னு தோணுது’ வேண்டாம், ‘பிரிஞ்சு போறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்’ என்று சொல்லுங்கள். ‘கோபம் இல்லை’ உண்மையா? உண்மை இல்லை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் பிள்ளைகள் பெயரை அந்தப் பேச்சிலேயே சொல்லுங்கள். ‘பிள்ளைங்க எப்பவும் உங்க பிள்ளைங்க, நினைச்ச நேரம் வரலாம், கூட்டிட்டுப் போகலாம்.’ ஆணுக்கு முதலில் வருகிற பயம் அதுதான். அதைச் சொல்லாமல் விட்டால் மீதி எதுவும் மண்டையில் ஏறாது.

விசைப்படகு எழுதியது:

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். அவர் பேச நேரம் ஆகும். உட்கார்ந்திருங்கள்.

வகுப்பறை எழுதியது:

ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளிடம் சொல்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரிடம் சொன்ன பிறகு, முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து, பிள்ளைகளிடம் ஒரே நாளில் சொல்லுங்கள். பெரியவனிடம் தனியாகச் சொல்லி ‘தங்கச்சிகிட்ட சொல்லாதே’ என்று சுமை வைக்காதீர்கள். இத்தனை நாள் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனது அவன்தான். இனி அந்த வேலை அவனுக்குக் கிடையாது என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் வகுப்பில் இப்படித் தூது போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். எந்த வீட்டில் இருப்பீர்கள், எந்தப் பள்ளி, அப்பா எந்தக் கிழமை வருவார் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகே சொல்லுங்கள். அவர்கள் கேட்கப் போவது அதைத்தான்.

மணல்மேடு எழுதியது:

சொல்லிவிட்டேன்.

படகைக் கரையேற்றி இரண்டாவது வாரம். பிள்ளைகள் உச்சிப்புளியில், மாமியார் ஒரு விசேஷத்துக்கு மண்டபம் போயிருந்தார். மத்தியானம் சாப்பிட்டு முடித்தபின் சொன்னேன். எழுதி வைத்ததில் பாதிதான் வந்தது, ஆனால் முடிவு என்பதைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் பற்றியும் சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. நான் எழுந்திருக்கவில்லை, விசைப்படகு அண்ணன் சொன்னது அந்த நேரத்தில் கைகொடுத்தது. அப்புறம் ‘யார்கிட்ட எல்லாம் சொல்லியிருக்க?’ என்று கேட்டார். ‘உங்ககிட்டதான் முதல்ல’ என்றேன். அதைக் கேட்டதும்தான் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு கோபமும் வந்தது, ‘இத்தனை வருஷம் சம்பாதிச்சுப் போட்டவன்’ என்று நிறையச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறார். நேற்று வந்து அடகுச் சீட்டுகளைக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதினோம். நாட்டுப்படகை விற்றாவது நகையை மீட்டுத் தருகிறேன் என்றார். கொழுந்தனாரிடம் பேச நாலு பேர் வேண்டும் என்கிறார், பெரியபட்டினம் அண்ணன் சொன்னது போலத்தான் ஆகிறது. ஆனால் கோர்ட்டுக்கு வர மாட்டேன், அதெல்லாம் வேண்டாம், ஊரில் எழுதிக்கொள்வோம் என்கிறார். பையனிடம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம். சின்னவளுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

வழக்கறிஞர் அய்யா, இரண்டு கேள்வி. பிரிந்து வாழ்வது எந்த நாளில் இருந்து கணக்கு? தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் குடும்ப அட்டையை வைத்து அவர் கணக்கில் வருகிறது. அட்டையில் இப்போதே பெயரைப் பிரிக்க வேண்டுமா?

வழக்குமன்றம் எழுதியது:

கணவன் மனைவியாக வாழ்வதை நிறுத்திய நாளில் இருந்து கணக்கு. ஒரே கூரையின் கீழ் இருந்தும் பிரிந்து வாழலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது, ஆனால் காட்டுவது சிரமம். நீங்கள் உச்சிப்புளிக்குப் போகிற நாளை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் தேதி தெளிவாக இருக்கட்டும்.

அட்டையில் இப்போது கை வைக்க வேண்டாம். நிவாரணத்தைப் பாதிப் பாதி என்றோ, பிள்ளைகள் பள்ளிச் செலவுக்கு என்றோ பேசி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நகை, படகு, குழுக் கடன் தவணை எல்லாவற்றையும் அதே தாளில் எழுதலாம். ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அது கணக்குக்கான தாள், விவாகரத்துக்கான தாள் இல்லை என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.

கோர்ட் வேண்டாம் என்கிறவரிடம் இன்று வாதாட வேண்டாம். மனு போட ஒரு வருடம் இருக்கிறது. நாளைக்கு அவருக்கே மறுமணம் என்று வந்தால் ஊர்த்தாள் அவரையும் சிறைக்கு அனுப்பும் என்பதை உங்களைவிட அவருக்கு நம்பிக்கையான ஒருவர் சொன்னால் நல்லது. விசைப்படகு நண்பர் அதே துறைமுகத்தில் இருப்பவர் என்றால் அவர் சொல்லலாம்.

விசைப்படகு எழுதியது:

ஆளைத் தெரியாமலே இருக்கட்டும். ஆனால் எங்கள் சங்கத்தில் பொதுவாக இந்த முத்திரைத்தாள் விஷயத்தைப் பேச ஒரு நாள் வழக்கறிஞர் அய்யா வர முடியுமா? தடைக்காலம் முடியும் முன் என்றால் எல்லோரும் கரையில் இருப்போம்.

வழக்குமன்றம் எழுதியது:

வருகிறேன். நாளை மட்டும் சொல்லுங்கள், சட்டப் பணிகள் குழுவில் இருந்து ஒரு பெண் வழக்கறிஞரையும் கூட்டிவருகிறேன். பெண்களுக்கும் சேர்த்தே இடம் போடுங்கள்.